கிணற்றுத் தண்ணீரும் பூச்சி பிடிக்கும் பாசியும்

மாரி முடிந்து குளங்கள் நிறைந்து நிற்கும் தை, மாசி மாதங்களில் வன்னியில் வயல் வாய்க்கால் ஓரமாக நடந்தால், தண்ணீருக்கு மேலே விரல் உயரத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் நிற்பதைப் பார்க்கலாம். கீழே இழை இழையாகப் பிரிந்த ஒரு பச்சைப் பாசி. அதுதான் யூட்ரிகுலேரியா, நீருக்குள்ளேயே பூச்சி பிடித்துத் தின்னும் செடி. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படம் பார்த்தவர்கள் ஆசையில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வருவார்கள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றி முற்றத்தில் வைப்பார்கள். இரண்டு மூன்று கிழமையில் "அது செத்துப்போச்சு" என்பார்கள்.

வாய்க்காலில் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் வளர்ந்த செடி வீட்டுக்கு வந்து சாவதற்குக் காரணம் அநேகமாகத் தண்ணீர். அதற்கடுத்தது, பாவம் என்று நாங்கள் போடும் சாப்பாடு. மற்றக் கோளாறுகளில் பாதி இந்த இரண்டிலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் எண்ணம்.

செடியின் உடம்பைக் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எது கோளாறு, எது இயல்பு என்று பிரிக்க முடியாது. இதற்கு வேரே கிடையாது. நுனி வளர்ந்துகொண்டே போகும். இழைகளில் ஒட்டியிருக்கும் குண்டூசித் தலை அளவுப் பைகள்தான் பொறி. பை தன் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளித் தள்ளிப் பக்கச் சுவர்கள் உள்வாங்கும்வரை காத்திருக்கும். வாசலில் உள்ள மயிரில் நீர்த்தெள்ளு என்கிற, துள்ளித் துள்ளி நீந்தும் சின்ன உயிர் ஒன்று முட்டினால் போதும், கதவு உள்ளே மடிந்து, தண்ணீரோடு பூச்சியையும் இழுத்துக்கொண்டு மூடிவிடும். கதவு திறக்க ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. மறுபடி தயாராகக் கால் மணி, அரை மணி நேரம் பிடிக்கும். 1875இல் சார்ள்ஸ் டார்வின் எழுதியபோது, பூச்சிகள் தாங்களாகவே தலையால் முட்டிக்கொண்டு உள்ளே போவதாகத்தான் நினைத்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் மேரி டிரீட் என்ற அம்மையார் நுணுக்குக்காட்டியும் கையுமாக இருந்து, நுளம்புக் குடம்பிகள் பிடிபடுவதைப் பார்த்துக் குறித்துவைத்தார். உறிஞ்சி இழுக்கும் பொறி இது என்று தெளிவானது இருபதாம் நூற்றாண்டில்தான்.

இதைக் கையாலேயே சோதிக்கலாம். நல்ல நிலையில் உள்ள ஒரு இழையைத் தண்ணீரிலிருந்து மெதுவாகத் தூக்கிக் காதருகே பிடியுங்கள். மெல்லிய 'டிக் டிக்' சத்தம் கேட்கும். பைகள் ஒவ்வொன்றாக வெடித்துத் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிற சத்தம் அது. திரும்பத் தண்ணீரில் விட்டால் அந்தப் பைகள் வெள்ளிக் குமிழ்களாக மினுங்கும், செடி மேலே மிதக்கும். இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். செடிக்கு ஒவ்வொரு பையும் செலவு.

சரி, தண்ணீர். வன்னியில் பெரும்பாலான கிணறுகளின் தண்ணீர் கடினத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல்சியம்தான். மன்னார்ப் பக்கமும் வடக்கே பூநகரிப் பக்கமும் சுண்ணக்கல் என்றால், வவுனியாப் பக்கம் பாறைக்குள் ஊறிவரும் தண்ணீரில் கடினத்தன்மையோடு புளோரைட்டும் கூட. மனிதருக்கே ஆகாது என்றுதான் ஊர் ஊராக உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்து லீற்றர் கணக்கில் தண்ணீர் விற்கிறார்கள். இந்தத் தண்ணீரில் யூட்ரிகுலேரியாவைப் போட்டால் முதலில் நுனி குறுகும், இழைகள் நெருங்கிக் கட்டையாகும், பிறகு பைகளின் மேல் சுண்ணாம்புப் பூச்சுப்போல ஒரு மங்கல் படியும். அந்தக் கட்டத்தில் உரம் போட்டுத் தேற்ற நினைப்பவர்கள் உண்டு. அது ஆளை முடித்துவிடும்.

எங்களுக்குக் கிடைக்கிற மிக நல்ல தண்ணீர் ஐப்பசியிலிருந்து மார்கழிவரை சும்மா வானத்திலிருந்து விழுகிறது. முதல் ஓரிரண்டு மழையைக் கூரை கழுவிப் போக விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருவதைப் பிடித்து மூடி போட்ட பரலில் வைத்தால் தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட சோளகக் காலத்தையும் ஓட்டலாம். ஓட்டுக் கூரைத் தண்ணீர் நல்லது. புதுத் தகரத்திலிருந்து வருவதை நான் செடிக்கு எடுக்கமாட்டேன், நாகப் பூச்சு கரைந்து வரும். மழைத் தண்ணீர் முடிந்துவிட்டால் ஆர்.ஓ. தண்ணீரே போதும், ஆனால் சில இடங்களில் ருசிக்காகத் திரும்பவும் தாதுப்பு சேர்க்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். விற்கிற தம்பியிடம் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் ரீ.டி.எஸ். மீற்றர் இருக்கும். சேற்றில் வளரும் சிறிய இனங்களுக்கு 50க்குக் கீழே காட்டினால் நிம்மதி. குளத்தில் மிதக்கும் இனங்கள் இதைவிடக் கூடுதலாகவும் தாங்கும். வாய்க்காலில் வளர்ந்தவைதானே.

குளத்துத் தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரணைமடுவோ முத்தையன்கட்டோ, வான் பாய்கிற காலத்தில் தண்ணீர் மென்மையாக இருக்கும். ஆவணியில் வற்றி ஒடுங்கும்போது அதே குளத்தில் கரைந்திருப்பவை செறிந்துவிடும். காலபோகத்துக்கு உரம் எறிந்த கையோடு வயலிலிருந்து வழியும் தண்ணீரை ஒருபோதும் பிடிக்காதீர்கள். அதில் யூரியா கரைந்திருக்கிறது.

அங்கிருந்துதான் அடுத்த தொல்லை தொடங்குகிறது, நூல்பாசி. யூட்ரிகுலேரியா வளர்ப்பவர்களில் பெரும்பாலானோர் தோற்பது இதனிடம்தான். சளியாகப் பச்சை இழை ஒன்று செடியைச் சுற்றிப் பின்னி, இரண்டு கிழமையில் எது செடி, எது பாசி என்று தெரியாமல் செய்துவிடும். வெளிச்சத்தையும் கரைந்திருக்கும் கரியமில வாயுவையும் அது முந்திக்கொள்கிறது. வேரில்லாத செடிக்கு எட்டி எடுக்க வேறு வழியில்லை. நூல்பாசி வருவது தண்ணீரில் நைதரசனும் பொசுபரசும் கூடியிருப்பதன் அடையாளம். ஆகவே ஈர்க்குச்சியால் சுற்றிச் சுற்றி எடுப்பது மட்டும் தீர்வல்ல, எடுத்த இடத்தில் நாளைக்குத் திரும்ப வரும்.

நான் செய்வது இது. பின்னிய குவியலைப் பிரித்தெடுக்கப் பாடுபடாமல், நல்ல பச்சையாக உள்ள நுனிகளை மட்டும் விரல் நீளத்துக்கு வெட்டி, மழைத் தண்ணீர் உள்ள ஒரு கோப்பையில் அலசி, இன்னொரு கோப்பையில் திரும்பவும் அலசி, புதுப் பேசினில் விடுவேன். மிச்சத்தை மா மரத்தடியில் கொட்டுவேன். வேரில்லாத செடியில் உள்ள பெரிய வசதி இதுதான், நுனி உயிரோடிருந்தால் முழுச் செடியும் இருக்கிறது. புதுப் பேசினுக்கு மண் போடுவதில்லை. பாய் இழைக்கிற பன் அல்லது கோரையின் நன்றாகக் காய்ந்து பழுப்பான தாள்களை ஒரு பிடி வெட்டிப் போடுவேன். செக் நாட்டில் நீர்வாழ் பூச்சியுண்ணிகளை நெடுங்காலம் ஆராய்ந்துவரும் லுபொமிர் ஆடமெட்ஸ் தன் தொட்டிகளில் போடுவதும் கோரைச் சருகுதான். அது மெதுவாக மக்கும்போது தண்ணீர் வெளிறிய தேநீர் நிறமாகும், கொஞ்சம் புளிப்பாகும், மக்கலிலிருந்து கரியமில வாயு வந்துகொண்டிருக்கும். மூன்றும் யூட்ரிகுலேரியாவுக்குப் பிடிக்கும், நூல்பாசிக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பச்சைக் கோரையைப் போடக்கூடாது, நாற்றமெடுக்கும்.

கூடவே உச்சி வெயிலுக்கு மேலே ஒரு கிடுகு. காலை வெயில் முழுதாகப் படட்டும், பதினொரு மணிக்குப் பிறகு கிடுகின் ஓட்டைகள் வழியாக வருவது போதும். நீர்த்தெள்ளு கிடைத்தால் ஒரு கரண்டி விடுங்கள். பச்சைத் தண்ணீரை அவை வடித்துக் குடிக்கும், அவற்றைச் செடி பிடிக்கும். மயில்துத்தம் போட்டால் பாசி போகும் என்று யாராவது சொல்வார்கள். அளவு கொஞ்சம் பிசகினால் செப்பு நீர்த்தெள்ளையும் நத்தையையும் செடியையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

இனி, கோளாறு என்று நினைத்துப் பலர் பதறுகிற சில விசயங்கள். நுனி பச்சையாக இருக்க, பின்பக்கம் பழுப்பாகி அழுகி விழுகிறதா? அது அப்படித்தான். முன்னால் வளரும் வேகத்திலேயே பின்னால் பழையது கழன்றுகொண்டே வரும், அதனால் நீளம் மாறாமல் இருப்பதுபோலத் தோன்றும். நுனியே பழுப்பானால்தான் கவலை. பைகள் கறுத்துப் போகின்றனவா? கிழடானவையும் இரை நிறைந்தவையும் கறுக்கும். புதிதாக வருகிற பைகள் கண்ணாடியாகத் தெளிவாக இருந்தால் சரி.

பையே வரவில்லை என்றால் அது வேறு கதை. ஒன்றில் வெளிச்சம் போதாது, அல்லது சாப்பாடு கூடிப்போய்விட்டது. பொறி செய்வது செலவான வேலை, சில இனங்களில் உடம்பின் எடையில் பாதியளவுகூடப் பைகளிலேயே போகிறது. தண்ணீரிலேயே சத்து இருந்தால் செடி ஏன் மினக்கெட வேண்டும்? பை குறைந்துபோன பேசினுக்கு இன்னும் தீனி போடுவது தலைகீழ் வேலை. தண்ணீரில் பாதியை வெளியே ஊற்றி மழைத் தண்ணீரால் நிரப்பிவிட்டுப் பேசாமல் இருங்கள். இறைச்சித் துண்டு, மீன் தீனி, சோற்றுப் பருக்கை இவை எதுவும் இந்தச் செடிக்கு வேண்டாம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக நீந்துகிற உயிர்கள் போதும், அவை தானாகவே வந்துசேரும்.

வெக்கை பற்றிச் சொல்லாமல் வன்னியில் எந்தத் தோட்டக் கட்டுரையும் எழுத முடியாது. சித்திரையிலிருந்து சோளகம் ஓயும்வரை சிறிய பேசின் தண்ணீர் மத்தியானத்தில் கை வைக்க முடியாமல் சுடும். பாத்திரம் பெரிதாக இருந்தால் தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், அதனால் ஐஸ்கிரீம் பெட்டியில் வளர்க்கிற ஆசையை மிதக்கும் இனங்களிடம் காட்டாதீர்கள். பேசினை விளிம்புவரை மண்ணில் புதைத்துவிட்டால் இன்னும் நல்லது. காற்று ஆவியாக்கிக் குறைக்கிற தண்ணீரைத் தினமும் கொஞ்சமாக ஈடுசெய்யுங்கள், அதுவும் மழைத் தண்ணீராலோ ஆர்.ஓ. தண்ணீராலோ. கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் நீர் மட்டும் போக உப்பு தங்கும், ஆடி முடிவதற்குள் பேசினில் இருப்பது கிணற்றைவிட மோசமான தண்ணீராகிவிடும்.

புதுச் சீமெந்துத் தொட்டி கட்டி அதில் நேரே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சீமெந்திலிருந்து சுண்ணாம்பு ஊறி வரும், தண்ணீர் காரமாகும், செடி சில நாளில் வெளிறும். மீன் விடுவதற்கு முன் ஊரில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடுவார்களே, அதையே செய்யலாம். ஆனால் ஊறிய தண்ணீரை முழுவதும் இறைத்துக் கழுவி, திரும்ப நிரப்பி, திரும்ப இறைக்க வேண்டும். வாழைத்தண்டின் சத்து அதற்குள் இருந்தால் நூல்பாசிக்கு விருந்து.

நுளம்பு. இந்தச் செடி வளர்ப்பவர் எல்லோர் வீட்டுக்கும் ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் வருவார். எங்கள் பகுதிக்கு வருகிறவர் இளம் ஆள், நல்ல பகிடிக்காரர்.

"அண்ணை, உந்தப் பேசினுக்குள்ள தண்ணி நிக்குது. கவிழ்த்து விடுங்கோ."

"தம்பி, உதுக்குள்ள நிக்கிறது நுளம்புக் குடம்பி தின்னுற பாசி."

"தின்னும் எண்டு நீங்கள் சொல்லுறியள். தின்னாமல் விட்டது பறந்து வந்து எனக்கு ரிப்போட் தருமே?"

அவர் சொன்னது சரி. புதிதாகப் பொரித்த குடம்பிகளை, யூட்ரிகுலேரியாவில் ஓரியா என்கிற பெரிய பை கொண்ட இனத்தின் பைகள் நன்றாகவே பிடிக்கும், கொஞ்சம் வளர்ந்ததை வாலில் கவ்விக்கொண்டு மெதுமெதுவாக உள்ளே இழுப்பதும் உண்டு. ஆனால் கூட்டுப்புழுப் பருவம் வரை தப்பிவிட்டதைப் பைக்குள் அடக்க முடியாது. ஒரு பேசின் செடியை நம்பி டெங்குக் காலத்தில் திறந்த தண்ணீர் வைத்திருப்பது நியாயமில்லை. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்கும் போடலாம். பழைய நுளம்பு வலையை இரட்டையாக மடித்துப் பேசினின் மேல் இறுக்கிக் கட்டினேன். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது, அதனால் கிடுகை ஒரு முழம் தள்ளி வைத்தேன். கப்பி மீன் விடச் சொல்வார்கள். விடலாம், ஆனால் நீர்த்தெள்ளையெல்லாம் அதுவே தின்றுவிடும், அதன் கழிவு நூல்பாசிக்கு உரம். இங்கிலாந்தில் 1884இலேயே இந்த வகைச் செடி ஒன்று மீன்குஞ்சுகளைப் பிடிப்பதை எழுதிவைத்திருக்கிறார்கள், ஆகவே குட்டி போடும் கப்பிக்கும் அது முழுக்கப் பாதுகாப்பான வீடு இல்லை.

திலாப்பியாக் குஞ்சு, ஆப்பிள் நத்தை இரண்டையும் உள்ளே விடாதீர்கள், செடியையே மேய்ந்துவிடும். வாய்க்காலிலிருந்து கொண்டுவரும்போது நத்தை முட்டை ஒட்டிக்கொண்டு வரும், அலசும்போது பாருங்கள். சல்வீனியா ஒரு துண்டு வந்தாலும் ஒரு மாதத்தில் மேற்பரப்பை மூடிவிடும்.

எந்த இனம் உங்களிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். உலகில் சுமார் 240 இனங்கள் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து இல்லை. பூந்தண்டில் வட்டமாக மிதவைகள் கட்டியிருந்தால் அது ஸ்டெல்லாரிஸ். மிதவை இல்லாமல் நீளமாகப் பரந்து, பெரிய பைகளோடு இருந்தால் ஓரியாவாக இருக்கலாம். தலைமயிர் அளவு மெல்லிய இழைகளாகச் சேற்றோரம் படர்வது கிப்பா, இதைச் சாகடிப்பதுதான் கஷ்டம். 2013இல் கிப்பாவின் மரபணுத்தொகுதியை வாசித்தபோது அது சுமார் 8.2 கோடி எழுத்துகள்தான், மனிதருக்கு 300 கோடி. ஆனால் மரபணுக்கள் 28,000க்கு மேல், எங்களைவிடக் கூட. வேர் வேண்டாம், குப்பை எழுத்து வேண்டாம் என்று கழித்துக் கட்டிய செடி.

ஈர மணலில் நீலமாகவும் மஞ்சளாகவும் ஒரு சாண்கூட உயராமல் பூக்கிற சிறிய இனங்களுக்குப் பேசின் தேவையில்லை. ஐஸ்கிரீம் பெட்டி இவற்றுக்குத்தான். தும்புத்தூளும் மணலும் கலந்து நிரப்பி, அடியில் துளை போட்டு, இரண்டு விரற்கடை தண்ணீர் உள்ள தட்டில் வையுங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கும், பல தடவை ஊறவைத்துப் பிழிய வேண்டும். மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். முல்லைத்தீவுக் கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும். ஒரு கரண்டி மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது வேண்டாம். கொழும்பு மீன்தொட்டிக் கடைகளில் புல்தரைபோல வளர்க்க விற்கிற கிராமினிஃபோலியாவும் இந்தக் கூட்டம்தான். மீன்தொட்டிக்கான திரவ உரத்தை ஊற்றி அதைக் கரைத்துவிடுகிறவர்கள் ஏராளம். கடைக்காரரே உரத்தையும் சேர்த்து விற்பார், அதை வாங்காதீர்கள்.

பருவம் பற்றிய குழப்பமும் ஒன்றுண்டு. இணையத்தில் இந்தச் செடிகள் குளிர்காலத்தில் மொட்டுப்போல உருண்டு அடியில் தூங்கும், அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள் என்று எழுதியிருப்பார்கள். அது பனி விழும் நாட்டு இனங்களுக்கு. எங்கள் செடிகள் குளிருக்கு ஒதுங்குவதில்லை, வறட்சிக்குத்தான் ஒதுங்குகின்றன. குளம் வற்றும்போது பூத்து, தூசியளவு விதைகளைச் சேற்றில் விட்டுவிட்டு, உடம்பு அழிந்துவிடும். சிறிய நில இனங்கள் பலவற்றுக்கு ஒரு வருடம்தான் ஆயுள். வைகாசியில் பெட்டியில் பச்சை ஒன்றும் இல்லையென்றால் கொட்டிவிடாதீர்கள். காயவிட்டு, எறும்பு போகாத இடத்தில் மூடி வையுங்கள், ஐப்பசியில் மழைத் தண்ணீர் தொட்டுக் கொடுங்கள். மிதக்கும் இனங்களைச் சோளகத்திலும் பச்சையாக வைத்திருக்கலாம், பெரிய பேசினும் கிடுகும் மழைத் தண்ணீரும் இருந்தால்.

செடி எடுக்கப் போகிறவர்கள் சொந்த வயல் வாய்க்காலில் ஒரு பிடி எடுத்தால் போதும். சுண்டிக்குளம், கட்டுக்கரைக்குளம்போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கை வைக்க அனுமதி இல்லை. பெரிய குளங்களின் அலைகரையில் இறங்குமுன் அந்த ஊர் மீன்பிடிகாரரிடம் முதலை நிற்கிறதா என்று கேளுங்கள். கடையில் வாங்கிய வெளிநாட்டு இனம் பெருகிவிட்டால் மிச்சத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். வெயிலில் மொறுமொறுக்கக் காயவைத்துக் கஞ்சல் கிடங்கில் போடுங்கள், தொட்டித் தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள்.